விளக்கினாலும் போகாத கோடு

எங்கள் ஊரில் பசி என்று யார் வந்து நின்றாலும் பொன்னுத்தாயி அக்கா வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். சாக்கோட்டைக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்தில் அவருக்கு நல்ல வயல் உண்டு. அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கும் நாளில் முதல் பெட்டி அரிசி அவர் வீட்டிலிருந்துதான் வரும். பக்கத்து வீட்டுக்காரி நான். அவர் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அவர் செய்த நல்லதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது அவர் தலைகுனிந்த கதை. அவரே சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரே மகன், அழகுசுந்தரம். அவனுக்கு உரிமைப்பெண் சீதை, அக்காவின் தம்பி கருத்தையாவின் மகள். தம்பியின் ஊர் வானத்தை நம்பியே விதைக்கிற காட்டு ஊர். அறுபத்தொன்பதாம் வருடம் கோயில் பொங்கலுக்குச் சீதை தன் தாய் நாகவல்லியோடு வந்திருந்தாள். லட்சணமான பெண். ஆனால் முன்பல்லில் குறுக்கே கீறியது போலப் பழுப்பாகப் பள்ளம் ஓடும். பொங்கல் பானையைச் சுற்றிப் பெண்கள் கூடியிருக்கும்போது அக்கா சொல்லிவிட்டார்.

"ஏத்தா சீதை, ஒங்க ஊர்ல ஒரு வேப்பமரங்கூடவா இல்ல? குச்சி ஒடிச்சுப் பல்லு விளக்கறதுக்கென்ன? எம்மகனுக்கு இந்தப் பல்லோடவா மாலை போடப் போறே?"

எல்லோரும் சிரித்தார்கள். சாமி மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன். சீதை அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டாள். அக்கா கண்டனூர்ப் பக்கம் வேறு பெண் விசாரிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர் கூடித் தூர் வாரினோம். கரையோரம் மண்வெட்டியில் எலும்பு தட்டியது. ஒன்றல்ல, பெரியதும் சிறியதுமாகக் குவிந்து கிடந்தது. தலைமாடு கால்மாடு பார்க்காமல் ஒருவர்மேல் ஒருவராகப் போட்டு மூடியிருக்கிறார்கள். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய தாது வருசப் பஞ்சத்தில் செத்தவர்கள் என்று ஊரில் சொன்னார்கள். மதுரையிலிருந்து டாக்டர் படிக்கிறவர்களுக்கு எலும்புப் பாடம் நடத்தும் ஒருவர் பார்க்க வந்து சாவடியில் தங்கினார். அவருக்குச் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்துதான். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போவேன்.

சாக்கை விரித்து எலும்புகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு முதுகெலும்பைக் காட்டினார். "சின்ன வயசுப் பொம்பளம்மா. தலைச்சுமை தூக்கித் தூக்கி எலும்பு நசுங்கியிருக்கு. வயித்துக்கு இல்லாம வேலை பாத்திருக்கா." பிறகு ஒரு சின்ன மண்டையோட்டை எடுத்தார். "கண்ணுக்குழி மேல்பக்கம் சல்லடை மாதிரி இருக்கா? ரத்தமில்லாத பிள்ளை. எட்டு வயசுல செத்திருக்கு. பல்லைப் பாருங்க. இந்தக் கோடு ரெண்டு மூணு வயசுல விழுந்தது. அப்பவே ஒரு தடவை பட்டினி கெடந்து பொழைச்சிருக்கு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ! அன்னைக்கு வீட்டுல நெல்ல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தவுக இல்லாமயா போயிருப்பாக? அந்தப் பாவிக வெளங்கியிருப்பாகளா?" என்றவர், பல்லைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கோடு பெரியவுகளானா மறைஞ்சிரும்லய்யா?"

"மறையாதும்மா. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே விழுந்த கோடு. உயிரோட இருக்கறவங்க வாயிலயும் பாத்திருக்கேன். கடுமையான காய்ச்சல்லயும் விழும், பட்டினியிலயும் விழும்."

"விளக்கினா?"

"எதை வச்சு விளக்கினாலும் போகாது."

திரும்பும் வழியில் அக்கா கண்மாய்க்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மழை இல்லாத அந்த வருசம் கருத்தையா வெறுஞ்சாக்கோட வந்தான்டி. எங்க வீட்டுல ரெண்டு குலுக்கை நெறைய நெல்லு. அத்தனையும் விதைநெல்லு, தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மறுவருசமும் மழை இல்லாட்டி என்ன பண்றதுன்னு பயம். ஒருவேளைச் சோறு மட்டும் போட்டு அனுப்பினேன். சீதை அப்பத்தான் நடை பழகின பிள்ளை." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அவ பல்லுல நான் போட்ட கோடுடி அது. அதைப் பாத்து நானே சிரிச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பெண் கேட்கப் புறப்பட்டார். துணைக்கு நான் போனேன். தட்டைப் பார்த்ததும் கருத்தையாவுக்கு முகம் மலர்ந்தது. நாகவல்லி தட்டைத் தொடவில்லை.

"எதுக்கு மதினி வீண் அலைச்சல்? எங்க ஊர்ல இன்னும் வேப்பமரம் மொளைக்கலையே."

பேசியது தப்பு என்று சொல்லி அக்கா அத்தோடு முடித்திருக்கலாம். வாங்கிய அடி போதும் என்று நானே கையைப் பிடித்தேன். அக்கா கையை உதறினார். "அவ பல்லு விளக்காததால வந்ததில்ல நாகவல்லி. பிள்ளை பட்டினி கெடந்த கோடு அது. அன்னைக்கு என் வீட்டுல நெல்லு இருந்துச்சு. இவன் கேட்டான், நான் குடுக்கல."

நாகவல்லி புருசன் பக்கம் திரும்பினாள். "அக்கா வீட்டுலயும் குலுக்கை தொடைச்சுக் கெடக்குன்னுல்ல சொன்னீக? அவுகளே அரை வயித்துக் கஞ்சி குடிக்கிறாகன்னீகளே! நான் புளியங்கொட்டைய வறுத்து இடிச்சு இவ வாயில போட்டுக்கிட்டு, அவுகளுக்கும் சேத்துல்ல ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்!"

கருத்தையா தரையைப் பார்த்தபடி இருந்தார். "ஏன்க்கா சொன்னே?" என்றார் மெதுவாக. "இத்தனை வருசம் நான் ஒன்னைய விட்டுக்குடுக்கலையே."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். இதைத் தாங்கவில்லை. தம்பி காலில் விழுவதற்குக் குனிந்தார். கருத்தையா பதறிப் பின்வாங்கினார். சீதைதான் வந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அயித்தை, எனக்கு அந்த வருசமெல்லாம் ஞாபகம் இல்ல. ஒங்க மேல கோவமும் இல்ல. நீங்க சொல்லாட்டி நான் வந்திருப்பேன். இப்ப ஒங்க வீட்டுக் குலுக்கையத் தெனம் பாத்துக்கிட்டு என்னால அங்ஙன சோறு திங்க முடியாது."

பேச்சு அங்கேயே முடிந்தது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாகவல்லி வாசலை மறித்து நின்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். பசியோட யாரையும் அனுப்பறது இந்த வீட்டுல வழக்கமில்ல."

இரண்டு இலை போட்டார்கள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் களியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கண்ணீர் இலையில் விழ விழ, துடைக்காமல் சாப்பிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா அயித்தை?" என்று சீதை கரண்டியோடு நின்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. போதும் என்று இலைமேல் கையை மட்டும் குவித்து வைத்தார்.