எட்டரை மணி மழை

செயற்கைக்கோளுக்கு மழை தெரியாது. மேகத்தின் தலை மட்டும்தான் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். அந்தத் தலையைப் பார்த்துக் கீழே எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று சொல்வதுதான் என் வேலை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரமான மேகம். அது ஓரிடத்தில் எத்தனை மணி நேரம் நின்றதோ அதற்கேற்ப மழை. பெங்களூரிலிருந்து படங்கள் டேப்பில் வரும். திரையில் மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் எடுப்பேன். வானத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறோம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் பேராசிரியருக்கு அது இல்லை. கீழே ஒருவர் அளந்து சொல்லாதவரை மேலிருந்து வரும் எண் வெறும் ஊகம் என்பார். மழை மாறிக்கொண்டு வருகிறதா என்று முப்பது வருஷம் கழித்து யாராவது கேட்டால், ஊகத்தையா எடுத்துக் காட்டுவது என்பது அவர் கவலை. அதனால் சில ஊர்களில் மழைமானி வைத்து, தினமும் அளந்து எழுத ஆள் ஏற்பாடு செய்தோம். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஹனூரில் எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு தையற்காரம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், பின்னால் மரமில்லாத திறந்த இடம். மழைமானிக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் அவர். கன்னடம் பேசுவார்; படிக்கத் தெரிந்தது தமிழ்தான். எனக்கு நேர்மாறு. ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் எழுத்து அம்மாவின் வாரப் பத்திரிகைகளில் கற்றது. அவருக்காக விதிமுறைத் தாளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெருமையாக இருந்தது என்றே சொல்லவேண்டும்.

அந்தத் தாளில் ஒரு விதி உண்டு. காலை எட்டரை மணிக்கு அளக்கும் மழையை, அளந்த நாளின் தேதியில் எழுதவேண்டும். செவ்வாய் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை, புதன்கிழமைக் கணக்கில்தான் ஏறும். மழை அளப்பவர்களுக்கு இது காலங்காலமான வழக்கம். செயற்கைக்கோள் கணக்கையும் நாங்கள் அப்படியே எட்டரைக்கு எட்டரை என்று எடுத்து, முடிகிற நாளின் தேதியில் போட்டுக்கொண்டோம். நான் அந்த விதியைப் பார்த்தேன். தையல் மெஷின் மிதிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். 'மழை பெய்த நாளின் தேதியில் எழுதவும்' என்று மாற்றி எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை என்ன சொல்வது?

அது மே மாதம். முதல் நோட்டு என் மேசைக்கு வந்தது அக்டோபரில். அதற்குள் நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஹனூர்க் கட்டத்தைச் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டபோது ஒன்றும் சேரவில்லை. செயற்கைக்கோள் பட்டியலில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த நாளில் அந்தம்மா பலத்த மழை எழுதியிருந்தார். இடிமேகம் நாலு மணி நேரம் குந்தியிருந்த நாளில் சைபர். மற்ற ஊர்க் கணக்குகள் ஓரளவு ஒத்துப்போக, இது மட்டும் எங்கேயோ போயிற்று. எனக்கு வந்ததே கோபம். நான் பாடுபட்டு எடுத்த எண்களை யாரோ உட்கார்ந்த இடத்திலேயே கிறுக்கிப் பாழாக்குகிறார்கள்! பேராசிரியரிடம் போய், "இது வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிய கணக்கு சார்" என்றேன். நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். நிஜமாகவே பார்த்திருந்தால், வரிசையை ஒரு நாள் தள்ளிப் பார்க்கத் தோன்றியிருக்கும்.

கடிதத்தை எழுதியதும் நான்தான். அளவுகள் நம்பத் தகுந்தவையாக இல்லை, பொய்யாக எழுதப்பட்டிருக்கின்றன, மழைமானியை எடுத்துக்கொள்ள ஆள் வரும். ஆபீஸ் வழக்கப்படி கன்னடத்தில். தமிழில் எழுதும் பொறுமை அப்போது எனக்கு இல்லை. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து, மைசூர் தேவராஜ மொஹல்லாவில் மழைமானியைக் கழற்ற ஒரு ஸ்பானர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கொள்ளேகால் வழியாக ஹனூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதட்டவேண்டாம், ஆனால் கறாராகப் பேசவேண்டும்.

அவர் மெஷினில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. "வாங்க அம்மிணி" என்றார். அந்த வார்த்தையில் வரவேற்பு இல்லை.

"அக்கா, லெட்டர் வந்திருக்குமே?"

"வந்துதுங்க. எனக்குக் கன்னடம் படிக்க வராதில்லைங்களா, டீக்கடைக்காரருகிட்ட குடுத்தேனுங்க. நாலு பேரு நிக்கறப்ப சத்தமாப் படிச்சுப்போட்டாரு. பொய்க் கணக்கு எழுதுறவளாமா நானு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அன்னையிலருந்து துணி குடுக்க வாரவங்க என் கண்ணு முன்னாலயே துணிய அளந்து பாத்துக்கறாங்க. துணியக் கொறச்சுப்போடுவேன்னு பயமுங்க."

நோட்டைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். எங்களுக்கு அனுப்பியது நகல். அசலை அவரே வைத்திருந்தார். அட்டையின் உட்பக்கம் என் தமிழ்த் தாளை ஒட்டி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். 'மழை பெய்த நாளின் தேதியில் எழுதவும்.' என் கையெழுத்து. கோணல் மாணலான 'ழை' கூட என்னுடையதுதான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் பட்டியலை எடுத்து அவர் எண்களை ஒரு நாள் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தது. இடிமேகம் நின்ற நாளில் மழை. துடைத்த வானத்துக்குச் சைபர். எங்கள் திட்டத்து ஊர்களிலேயே இவ்வளவு சுத்தமான கணக்கு வேறு எதுவும் இல்லை.

"தப்பு என்னுதுக்கா" என்றேன். விதியை நான் மாற்றியதையும், ஏன் மாற்றினேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குப் புரியாது என்று நினைத்ததையும் சொன்னேன்.

அவர் அட்டையில் ஒட்டிய தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "எட்டரைக்கு அளந்தா அன்னைக்குத் தேதி. அவ்வளவுதானுங்களே? இதுல புரியறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது மன்னித்த ஆட்டல் இல்லை.

"எங்கிட்டச் சொன்னா என்னங்க ஆகும்? எழுதிக் குடுங்க. கன்னடத்துல எழுதுங்க. அதைப் படிச்ச வாயே இதையும் படிக்கட்டும்."

எழுதினேன். அளவுகள் எல்லாம் சரி, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திட்டேன். இருவரும் டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மனத்துக்குள் படிக்கப் பார்த்தார். "சத்தமாப் படிங்க" என்றார் இவர். அவர் சத்தமாகப் படித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடைசி வரி வரை நின்றேன்.

ஸ்பானர் பையிலேயே மைசூருக்குத் திரும்பியது. பேராசிரியரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. அவருக்கு என்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை, ஹனூர்க் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது.

அடுத்த நோட்டு வந்தபோது அதில் யாரும் கேட்காத ஒரு பத்தி புதிதாக இருந்தது. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். எந்த நாள், எத்தனை மணிக்குத் தூறல் தொடங்கியது, எப்போது வலுத்தது, எப்போது விட்டது. எல்லா மழைக்கும் நிமிஷம் வரை எழுதியிருந்தது. படங்களை மணிவாரியாக ஒப்பிட எங்களுக்கு அதைவிட உபயோகமான ஒன்று கிடைத்ததில்லை. பேராசிரியர் பூரித்துப் போனார். இந்தம்மாவுக்குத்தான் இந்த வேலையில் எவ்வளவு அக்கறை என்று எல்லோரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

நான் ஆமாம் சார் என்றேன். திட்டம் முடியும்வரை ஒவ்வொரு நோட்டிலும் அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. அது அக்கறைதான். ஆனால் அது செயற்கைக்கோளுக்காக எழுதியதல்ல. இனி ஒருமுறை நான் அவர் கணக்கைப் பொய் என்று சொன்னால் காட்டுவதற்காக எழுதியது.