ரெங்கம்மா வளர்த்த நீர்ச்செடி

மூன்றாவது தடவையும் செடி அழுகியது. மூன்றாவது தடவையும் திட்டு ரெங்கம்மாவுக்குத்தான் விழுந்தது.

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பங்களாவில் அவள் கூட்டித் துடைக்கிறவள். 1911ஆம் வருடம், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை வரவழைத்து, நாலைந்து சின்ன மீன்களை விட்டு, கூடத்து மூலையில் வைத்தாள். அகலமான விறாந்தைக்கு உள்ளே ஒதுங்கியிருந்த அந்தக் கூடத்தில் நண்பகலிலும் மங்கல்தான். வெயிலில் வளர்ந்த குளத்து அல்லியை அங்கே கொண்டுவந்து போட்டால் எப்படிப் பிழைக்கும்? ஒரே வாரத்தில் தண்டு கொழகொழத்து, தண்ணீர் நாறிவிடும்.

"நீ கைய விட்டு அளைஞ்சிருப்பேன்னு சொல்றாங்க" என்று, துரைசாணியின் இங்கிலீஷைத் தமிழில் சொன்னார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் சிவஞானம்.

"வெளிச்சம் பத்தாம செத்துச்சுங்க. என் கை என்னங்க செஞ்சுச்சு?"

அதை மட்டும் கிளாக்கர் இங்கிலீஷில் சொல்லவில்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் அவள் பள்ளத்து ஓடைக்குப் போனாள். மரங்கள் கவிந்து வெயிலே விழாத இடம். தண்ணீருக்கடியில், மணலைப் பிடித்துக்கொண்டு குட்டிக் குட்டிச் செடிகள். விரல் நீள இலை, மேலே கரும்பச்சை, அடியில் செம்பழுப்பு. விறகுக்குப் போகும்போதெல்லாம் பார்த்தவைதான். பத்துச் செடிகளை வேரோடு பெயர்த்து வந்து தொட்டி மணலில் ஊன்றினாள்.

ஐந்தாம் நாள் அந்த இலைகளும் கரைந்தன. துரைசாணி பிடுங்கி எறியச் சொன்னாள். ரெங்கம்மா தொட்டியை மறித்து நின்றுகொண்டாள்.

"வேரு வெள்ளையா உசிரோட இருக்குங்க. எடம் மாறுனதுல எலதான் போச்சு. ஒரு மாசம் விடச் சொல்லுங்க ஐயா."

துரைசாணி ஒரு மாதம் விட்டுவைத்தாள். ரெங்கம்மா கரைந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தாள். தினமும் ஒரு செம்பு பழைய தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு செம்பு ஓடைத் தண்ணீர் ஊற்றினாள். வேரைத் தொடவே இல்லை. இருபதாம் நாள் ஊசி முனைபோல ஒரு துளிர் தெரிந்தது. ஆறு மாதத்தில் மணலே தெரியாமல் பச்சை மூடி, மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து விளையாடின.

பதுளையில் துரைமார் பூக்காட்சி நடத்தினார்கள். தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, சாக்கில் சுற்றி, மாட்டுவண்டியில் முழங்காலுக்கு நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டு போனவள் ரெங்கம்மா. காட்சிக் கொட்டகையில் அந்தத் தொட்டிக்கு முதல் பரிசு கிடைத்தது. சீட்டில் துரைசாணியின் பேர் இருந்தது. அது தெரிந்ததுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பரிசு கொடுத்த வெள்ளைக்காரர் ஏதோ கேட்க, துரைசாணி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றாங்க?"

கூட வந்திருந்த கிளாக்கர் தயங்கினார். "தெனமும் சன்னலோரத்துல வெயில் காட்டி, தன் கையாலயே வளத்தேன்னு சொல்றாங்க."

ரெங்கம்மா முன்னால் வந்து துரைசாணியை நோக்கி விரலை நீட்டினாள். பேரை எடுத்துக்கொண்டது போதாதா? செடியைப் பற்றியுமா பொய்?

"பொய்யிங்க! வெயிலே ஆகாது அதுக்கு. நட்டது நானு, காப்பாத்துனது நானு!"

கொட்டகையில் எல்லாத் தலைகளும் திரும்பின. யாரும் அதை இங்கிலீஷில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் நீட்டிய விரலே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில் கங்காணி அவளுக்குக் கொழுந்துக் கூடையைக் காட்டினார். பங்களா வேலை போயிற்று.

தொட்டியில் செடி நெருங்கி வளர்ந்தபோது அவள் களைந்து கொண்டுவந்திருந்த மூன்று பக்கக் கன்றுகள், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவளுடைய அறையில், ஒரு மிட்டாய்ப் போத்தலில் இருந்தன. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கதவு வழியே வருவதுதான் வெளிச்சம். செடிக்கு அதுவே போதும், தளதளவென்று வளர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் கூடியது. "இருட்டுல வளர்ற செடிக்குத் தோதான எடத்துல மனுசரக் குடிவச்சிருக்காங்களே!" என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துக் கிளாக்கர் லயத்துக்கே வந்தார். சொன்ன பொய்யை மெய்யாக்கத் துரைசாணி தொட்டியைச் சன்னலோரம் மாற்றியிருந்தாள். கண்ணாடியெல்லாம் பாசி அப்பி, மீன் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"வந்து சரிபண்ணிக் குடு ரெங்கம்மா. பங்களா வேலையும் திரும்பக் கெடைக்கும்."

"மூலையில தூக்கி வைக்கச் சொல்லுங்க. அது மீனுக்காகச் சொல்றேன். நான் வரணும்னா, அன்னைக்குச் சொன்னது பொய்யினு பரிசு குடுத்த அந்தத் தொரைகிட்ட அவங்க சொல்லட்டும்."

"அது நடக்கிற காரியமா?"

"அப்ப நான் வர்றதும் நடக்காதுங்க."

கிளாக்கர் போய்விட்டார். ரெங்கம்மா மலையிலேயே கொழுந்தெடுத்தாள்.

அன்று கொட்டகைக் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர்களில் ஒருத்தி, லுணுகலைக் கடைக்காரர் மனைவி விசாலாட்சி. ரெங்கம்மா சாமான் வாங்க வந்த ஒருநாள், விசாலாட்சி வெட்கத்தை விட்டு அவளிடம் ஒரு கன்று கேட்டாள். அடுத்த வாரமே ரெங்கம்மா இரண்டு கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, நடும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். கடையின் உள்மூலையில் போத்தல் ஏறியது. விசாலாட்சி ஒரு சீட்டில் "வளர்த்தவர் ரெங்கம்மா" என்று எழுதி அதில் ஒட்டினாள்.

எழுத்துத் தெரியாத ரெங்கம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள். "ஆனா இத அந்தக் கொட்டாயிலதானே எழுதியிருக்கணும்?"