ஆறாம் நம்பர் மனு

புதுக் கம்பெனிக்கு முதல் பணம் போடுவது என்பது, ஆளைப் பார்த்துவிட்டு யோசனையைப் பார்த்தேன் என்று சாதிக்கும் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாமல், அண்ணன் மகன் ஆரம்பிக்கிறான், அடுத்த வீட்டுப் பையன் ஆரம்பிக்கிறான் என்று கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

குன்னூரில் நாங்கள் மூன்று கிழவர்கள். நான் தேயிலை ருசி பார்த்து விலை சொல்லும் வேலையில் நாற்பது வருஷம் இருந்தவன். கேத்தியில் கேரட் போடும் பெள்ளி கவுடர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த ராஜரத்தினம். மலையில் யார் புதுத் தொழில் ஆரம்பித்தாலும் எங்களிடம் வரட்டும் என்று ஒரு பேக்கரி மாடியில் ஆபீஸ் போட்டோம். ஆபீசைப் பார்த்துக்கொண்டவர் மும்தாஜ். முன்பு என் ருசி பார்க்கும் அறையில் கோப்பை அடுக்கியவர். வேலை சுத்தம். வாய் அதைவிடச் சுத்தம்.

கோட்டுப் போட்ட பையன்

எங்கள் முதல் பையன் பெங்களூரிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். மசினகுடிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் ஜீப்பை போனிலேயே பிடித்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு ஆப் என்றான். மசினகுடியில் பாதி இடத்தில் சிக்னல் எடுக்காது. எங்கள் மூவருக்கும் அது தெரியும். அவன் இங்கிலீஷில் சொன்னபோது மூவருக்கும் மறந்து போயிற்று. அவன் அப்பா எனக்குத் தெரிந்தவர் வேறு. ஒரு மணி நேரத்தில் சரி என்றோம்.

எட்டு மாதத்தில் கடையைக் கட்டினான். மசினகுடி ஜீப்காரர்கள் டீக்கடை வாசலில் தங்களுக்குள் முறை வைத்து ஓட்டுகிறவர்கள். அவர்களில் ஒருவரிடம்கூட அவன் பேசியதில்லை என்று பிறகு தெரிந்தது. "இது தோல்வி இல்லை அங்கிள், பாடம்" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போனான். பெள்ளி கவுடர் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "படிச்சது அவன். பீஸ் கட்டினது நாமளுங்க."

நான்கு போட்டோ

அதற்குப் பிறகும் மூன்று பேருக்குப் பணம் போட்டோம். ஒருவன் கிளப்பில் எனக்குப் பழக்கமானவரின் மகன். ஒருவன் ராஜரத்தினத்தின் மேலதிகாரி பேரன். இன்னொருவன் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மற்ற மூவரும் படித்த அதே பள்ளிக்கூடம். நால்வர் படத்தையும் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டச் சொன்னேன். பெருமைதான். வேறென்ன.

மும்தாஜ் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். இறங்கி நின்று பார்த்தார். "ஏனுங் சார், இது ஒரே ஊட்டுக் கல்யாண ஆல்பமாட்டவே இருக்குதுங்க."

பிஸ்கட் டின்

நிஷாந்தினி அப்போதுதான் வந்தாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். இவள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். பறித்த கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். வாடியது போதுமா என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தேயிலை கெடும். அதைத் தானே கண்டுபிடித்து விளக்குப் போட்டுக் காட்டும் ஒரு பெட்டியைச் செய்திருந்தாள். பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

வேலையை விட்டுவிட்டாள். ஒரு சின்ன ஃபேக்டரி முதலாளி மட்டும் இரக்கப்பட்டு, மழைக்காலம் முடியும்வரை ஒரு தொட்டியில் பெட்டியை மாட்டிப் பார்க்க விட்டிருந்தார். அதற்குள் யாராவது கூட நிற்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான். அக்கா அங்கே வேலை சொல்லி வைத்திருந்தாள். இதையெல்லாம் நேராகவே சொன்னாள்.

நாங்கள் என்ன கேட்டோம்? அப்பா என்ன வேலை என்று நான் கேட்டேன். கூட ஆண் துணை யார் என்று ராஜரத்தினம் கேட்டார். கல்யாணம் ஆகிப் போய்விட்டால் கம்பெனியை யார் பார்ப்பது என்று கவுடர் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினோம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. டின்னை மூடிக்கொண்டே சொன்னாள், "பொட்டியைப் பத்தி ஒரு கேள்வியாச்சும் கேட்டிருக்கலாங்கய்யா."

கோப்பை நியாயம்

மறுநாள் மும்தாஜ் எனக்குக் காபி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

என் ருசி பார்க்கும் அறையில் ஒரு சட்டம் உண்டு. கோப்பைக்கு முன்னால் தோட்டத்தின் பெயர் இருக்கக் கூடாது. நம்பர் மட்டும். பெரிய எஸ்டேட் பெயரைப் பார்த்தால் நாக்குப் பொய் சொல்லும். இது என் அனுபவம். மற்ற ருசிக்காரர்கள் சிரித்தார்கள். நான் மாற்றவில்லை. அப்படிப் பார்த்ததில்தான் ஒருமுறை, பெயர் தெரியாத ஒரு சின்ன ஃபேக்டரித் தூளைப் பெரிய தோட்டங்களுக்கு மேலே வைத்தேன். கடைசிவரை அந்த நம்பர் சீட்டுகளை எழுதி வைத்தவர் மும்தாஜ்.

"பேரைப் பாத்தா நாக்குப் பொய் சொல்லும்னு இருவது வருசம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே" என்றார். "கோப்பைக்கு ஒரு நியாயம், மனுசிக்கு ஒரு நியாயமா சார்?"

வெட்டிய காகிதம்

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னால் வரும் கோபம். அன்றே சட்டத்தை மாற்றினேன். இனி மனு இரண்டே பக்கம். பெயர், ஊர், படம், அப்பா, படித்த இடம் எல்லாவற்றையும் மும்தாஜ் கத்தரித்துவிட்டு நம்பர் போடுவார். என்ன செய்திருக்கிறாய், யாருக்கு வேண்டும், இதுவரை கையால் என்ன செய்து பார்த்தாய். அவ்வளவுதான். பிறகு பொருளைப் போய்ப் பார்ப்போம். செய்த ஆள் கண்ணில் படக் கூடாது.

அந்தச் சுற்றில் ஏழு மனுக்கள். ஆறாம் நம்பரை மூவருமே முதலில் வைத்தோம். கொழுந்து வாட்டும் பெட்டி. ஒருத்தி கொண்டுவந்தாளே, அதே மாதிரி, ஆனால் இது முறையாக எழுதியிருக்கிறது என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த பையன், எழுத்திலேயே தெரிகிறது என்றும் சொன்னேன். ராஜரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லைங்க. இது எங்க ஃபேக்டரியில சர்வீஸ் போட்ட ஆளு. அந்த ஒழுங்கு இருக்குது பாருங்க."

இரண்டாம் கோப்பை

ஃபேக்டரிக்குப் போன அன்று மழை. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கொங்காணி மாதிரி போட்டுக்கொண்டு பெண்கள் கொழுந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, "வழுக்குதுங்கய்யா, பாத்து வாங்க" என்றாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

தொட்டியில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். நாற்பது வருஷக் கை. பெட்டிக்கு என்ன தெரியும். சரி, பாதிக் கொழுந்தை இப்போதே எடுங்கள், மீதியை நான் சொல்லும்போது எடுங்கள் என்றேன். இரண்டையும் தனித்தனியாக அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தினார்கள். மத்தியானம் மும்தாஜ் இரண்டு கோப்பை வைத்தார். ஒன்று, இரண்டு. வேறு எதுவும் எழுதவில்லை.

முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினேன். நன்றாக இருந்தது. இரண்டாவதை உறிஞ்சினேன். துப்ப மனம் வரவில்லை. நாக்கின் நுனியில் சுறுக்கென்று நின்றது. அந்தச் சுறுக்கு அந்த வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்திருக்கவில்லை. "ரெண்டு" என்றேன். மும்தாஜ் சீட்டைத் திருப்பினார். இரண்டாம் கோப்பை, பெட்டி சொன்ன நேரம். முதல் கோப்பை, நான் சொன்ன நேரம். என் கையைத் தோற்கடித்தது என் நாக்கு.

ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். கொழுந்து இறக்கும் கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் சாக்குக்காரி வந்தாள். சாக்கை எடுத்தாள். நிஷாந்தினி. மறுபடி மனுப் போடு என்று அவளுக்கு போன் பண்ணியது யார் என்று மும்தாஜைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நிஷாந்தினி என்னைத்தான் பார்த்தாள். "இப்பக் கேளுங்கய்யா, எங்கப்பா என்ன வேலைன்னு."

நாற்காலி

மழைக்காலம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. அக்கா திருப்பூரிலிருந்து தினம் போன் செய்துகொண்டிருந்தாளாம். நாங்கள் காகிதத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தோம். போடவில்லை. மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு நிபந்தனை என்றாள்.

ராஜரத்தினத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பணம் போடுகிறவர்கள் நாங்கள், நிபந்தனை இவளா என்று கேட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இவள் எழுந்து போனால் போனதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அரை நிமிஷம் பயந்தது அவள் அல்ல, நான். உங்களுக்கும் அப்படி ஒரு அரை நிமிஷம் வாய்த்திருந்தால், நீங்கள் கொஞ்சமாவது உருப்பட்டிருப்பீர்கள்.

"எனக்குப் பணம் போட்டா மட்டும் போதாதுங்கய்யா" என்றாள். "எனக்குப் பின்னால வர்றவளையும் நீங்க மூணு பேருதான் பாப்பீங்க. அந்த மேசையில மும்தாஜ் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. ஓட்டும் குடுங்க. அப்புறம் கையெழுத்து." மும்தாஜ் டீ கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கவுடர் தொண்டையைக் கனைத்தார். "நாற்காலி நம்ம ஊட்டுல கெடக்குதுங்க. நாளைக்குக் கேரட் லாரியில ஏத்தி உடறேன்."

கேரட் கழுவுகிறவன்

அடுத்த சுற்றில் கவுடர் மூன்றாம் நம்பர் மனுவைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார். பாதித் தண்ணீரில் கேரட் கழுவும் மெஷினாம். நடக்காது என்றார். போய்ப் பார்க்கலாம் என்று மும்தாஜ் ஓட்டுப் போட்டார். போனோம். மெஷின் கவுடர் தோட்டத்துக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. செய்தவன் பதினைந்து வருஷமாக அவரிடமே கேரட் கழுவும் ஆள். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று கவுடர் கத்தினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "நீங்க எப்பவும் கேரட்டைத்தானுங்க கேட்டீங்க."

ஒன்பதாம் நம்பர்

இப்போது நிஷாந்தினியின் பெட்டி நீலகிரியில் பல ஃபேக்டரிகளில் தொங்குகிறது. கூடலூர்ப் பக்கமும் போய்விட்டது. அக்கா திருப்பூரை விட்டு வந்து இவளிடம் வேலை பார்க்கிறாள். சுவரில் அந்த நான்கு போட்டோக்களை நான் கழற்றவில்லை. பக்கத்தில் மாட்டிக்கொண்டே போனோம். இப்போது யாரும் அதைக் கல்யாண ஆல்பம் என்று சொல்ல முடியாது. ஆபீசுக்கு வருகிற யாரையும் நான் முதலில் அந்தச் சுவர் முன்னால்தான் நிறுத்துகிறேன். தேயிலையில் எத்தனையோ நல்ல கோப்பையைக் கண்டுபிடித்திருக்கிறேன். இவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

போன மாதம் அவள் கம்பெனியில் இன்ஜினியர் வேலைக்கு ஆள் எடுத்தாள். என் மகள் வயிற்றுப் பேரன் எனக்கும் சொல்லாமல் மனுப் போட்டிருக்கிறான். அங்கேயும் பெயரை வெட்டி நம்பர்தான். இவன் ஒன்பது. எடுபடவில்லை. விஷயம் தெரிந்ததும் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிஷாந்தினியே போன் செய்தாள். "ஐயா, ஒம்பதாம் நம்பர் உங்க பேரன்னு தெரியாமப் போச்சுங்க. தெரிஞ்சிருந்தா மட்டும் எடுத்திருப்பேன்னு நெனச்சுக்காதீங்க."

தேயிலையைப் பெயர் பார்க்காமல் ருசிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, மனிதர்களை அப்படிப் பார்க்க எழுபத்திரண்டு வருஷமும் மும்தாஜின் கத்தரிக்கோலும் தேவைப்பட்டன.