பூகம்பத்தை விடச் சொன்னது நான்தானாம்

காலைல நடந்தது. இன்னும் கோவம் அடங்கல. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

கம்பெனி பஸ் ஒரகடம் போய்ச் சேர்றதுக்குள்ள செல்லுல ஆடுற மான்ஸ்டர் கேம்ல ஃபைனல். எங்க அசெம்ப்ளி லைன் சார்பா நானும் இசக்கியும். எதிர்ல பெயின்ட் ஷாப் பசங்க ரெண்டு பேரு. தோத்தவங்களுக்கு ஒரு மாசம் பஸ்ல கடைசி சீட்டு. நம்ம ரோட்டுல கடைசி சீட்டுன்னா இன்னான்னு இடுப்பக் கேட்டா சொல்லும்.

ஜெயிச்ச மேட்ச்சுங்க அது! அவனுங்ககிட்ட மிச்சம் ஒரே ஒரு பறவை, அதுக்கும் உசுரு துளியூண்டு. என் தீப்பல்லி ஒரு கடி கடிச்சா முடிஞ்சுது.

முன் சீட்டுலேர்ந்து இசக்கி கத்துறான், "எல, பூகம்பத்த விடட்டா?"

பூகம்பம் வந்தா தரையில நிக்கிற எல்லாருக்கும் அடி விழும், கூட்டாளிக்கும் சேர்த்து. பறக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது. பதறிப்போய், "டேய், அத விடுடா!"ன்னு கத்துனேன்.

விட்டுட்டான்.

பறவை ஜாலியா மேல பறந்துகினு கீது. என் பல்லி காலி. ஏற்கெனவே அரை உசுருல இருந்த அவனோட யானையும் பறவையோட அடுத்த அடியில காலி.

"அறிவு கீதாடா உனக்கு?"ன்னு கேட்டா, திருநெல்வேலிக்காரன் கூலா சொல்றான், "நீதானல விடுன்ன?"

இப்போ ரிட்டர்ன் பஸ். கடைசி சீட்டுல குலுங்கிகினே இத எழுதறேன். பக்கத்துல அவன் என் தோள்ல கையப் போட்டுகினு, "சரி, விடுல"ங்கிறான்.

நீங்களே சொல்லுங்க மக்களே. ஒண்ணு விடவா?