வெயிலில் குளிர் கண்ட கார்

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கார் நின்றுவிட்டது, பிள்ளைகளே.

பார்க்கிங்கில் நின்றிருந்தால் பரவாயில்லை. பூக்கடைகளுக்கு எதிரே, சிக்னலில், பச்சை விழுந்த நேரத்தில்! பின்னால் ஏகப்பட்ட ஹாரன். வெளியே கொளுத்தும் வெயில். காரின் பின்பக்கம் கறுப்புப் புகை... கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி தோற்றுவிடும்.

நானும் ஒரு பூக்கடைக்காரரும் சேர்ந்து தள்ளி ஓரங்கட்டினோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் பாஸ், இன்னும் இத மியூசியத்துக்குக் குடுக்கலயா?"

பின் சீட்டில் இருந்த என் மகள் துளசி சிரித்தாள். பதினோரு வயது, எதற்கும் சிரிப்பாள். முன் சீட்டில் இருந்த அவள் அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயம்.

"திங்கக்கிழமை பழைய இரும்பு லோரிய வரச் சொல்றேன்," என்றாள் சாந்தி. "இனிமே இதுல நான் ஏற மாட்டேன்."

திங்கட்கிழமை! அப்படியானால் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் காரைத் தெரியும். வெள்ளை நிறம் — ஒரு காலத்தில். கல்யாணமான வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. துளசி பிறந்தபோது கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேகமுள் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் ஓய்ந்துபோய் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். கைக்குழந்தைக்கு லோரி காவல்!

அந்தக் காரையா இரும்பு விலைக்குப் போடுவது?

பழைய காரில் ஏது கம்ப்யூட்டர் என்று நீங்கள் நினைக்கலாம். என் காரிலும் இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்கு இந்த நிமிடம் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று அது கணக்குப் போட்டு ஊற்றும். ஸ்டியரிங்குக்குக் கீழே, நம் முழங்கால் இடிக்கிற இடத்தில், பதினாறு ஓட்டை வைத்த ஒரு சாக்கெட். அதில் ஸ்கேன் கருவியைச் செருகினால், கம்ப்யூட்டர் தன் மனதில் இருப்பதைச் சொல்லும்.

முன்பெல்லாம் மெக்கானிக் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணைத் திறக்கும்வரை நாங்கள் மூச்சு விட மாட்டோம். இப்போது அந்த வேலை கருவிக்கு. சரி, எந்தக் கருவி?

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆனால் ஆன்லைனில் சாமான் வாங்குவதில் மட்டும் நான் பட்டதாரி! புகை லேசாக ஆரம்பித்த நாளிலேயே தீப்பெட்டி அளவு ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டேன். போனோடு ப்ளூடூத்தில் பேசுமாம். 'எல்லாக் கார்களுக்கும்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது.

செருகினேன். போனில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றியது... கடைசியில் 'கார் கிடைக்கவில்லை' என்றது. காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். கார் கிடைக்கவில்லையாம்!

பெட்டியின் அடிப்பக்கத்தைத் துளசி படித்தாள். எறும்பு அளவு எழுத்தில் இருந்தது — பழைய மாடல்களுக்குப் பொருந்தாது. புதுக் கார்களின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பொதுவாக ஒரே பாஷை பேசும். என் கார் காலத்து கம்ப்யூட்டர்களோ ஆளுக்கொரு பாஷை. அது தெரியாமல் வாங்கினால், காசு கொடுத்து ஊமையை வாங்கின கதைதான்.

சனிக்கிழமை காலையில் கிள்ளானில் குணாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். குணா இளைஞர். கையில் தட்டு அளவில் ஒரு ஸ்கேன் டேப்லெட். அதில் பழைய கார்களுக்கென்றே தனிப் பட்டியல் இருந்தது. என் காரின் பெயரை அதில் பார்த்ததும், பழைய வகுப்புத் தோழனைப் பாசார் சந்தையில் பார்த்த மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்.

குணா வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்து வயரைச் செருகினார். காத்திருந்தோம். உதட்டைப் பிதுக்கினார்.

"பேச மாட்டேங்குது அங்கிள். கம்ப்யூட்டர் போயிருச்சி லா."

"போயிருச்சின்னா நாங்க எப்படிண்ணே ஓட்டிக்கிட்டு வந்தோம்?" என்றாள் துளசி.

"பாதி போயிருக்கும்மா."

"பாதி எப்படிண்ணே போகும்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சும்மா இரு, அண்ணன் வேலை பாக்கட்டும்," என்று அவள் வாயை அடைத்தேன். இவ்வளவு நல்ல கேள்வியை அந்த ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கு வேறு யாரும் கேட்கவில்லை.

குணா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். "இதான் அங்கிள் ட்யூனிங் கம்ப்யூட்டர். பழச தூக்கிப் போட்டுட்டு இதப் போட்டுறலாம். லேப்டாப்ப வச்சி பெட்ரோலக் கொறைக்கலாம், கூட்டலாம். பொகையும் போயிரும், பவரும் ஏறும்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஆகிற செலவில் இன்னொரு பழைய காரே வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். வழியில் மூன்று இடத்தில் கார் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரைக் காலி செய்ய ஆரம்பித்தோம். மறுநாள் லோரி வருமே!

ஒரு காரில் இவ்வளவா இருக்கும்? சுரண்டிப் பயன்படுத்துகிற பழைய பார்க்கிங் கூப்பன்கள். ஒரு குழந்தைக் காலுறை, ஒன்றே ஒன்று. ரேடியோவில் மாட்டிக்கொண்டு வெளியே வராத கேசட் — புது மாப்பிள்ளையாக இருந்தபோது சாந்திக்காகப் போட்டது. பாதியில் சிக்கிக்கொண்டதால் முதல் மூன்று பாட்டு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சீட்டுக்குக் கீழே தட்டினால் மோரிப் கடற்கரை மணல் கொட்டியது. துளசிக்கு நான்கு வயதில், மணலை வீட்டுக்குக் கொண்டுபோகணும் என்று இரண்டு கையிலும் அள்ளி வந்து சீட்டில் கொட்டினாளே... அதே மணல். கூட்டித் தள்ள மனம் வரவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாந்தி அந்தக் காலுறையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துளசி போன் டார்ச்சோடு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்தாள். திடீரென்று சத்தம்.

"அப்பா! இங்க வாங்கப்பா! சாக்கெட்டுக்கு யாரோ பட்டை போட்டு விட்டிருக்காங்க!"

குனிந்து பார்த்தேன். பதினாறு ஓட்டையில் பாதி வெள்ளை வெளேர் என்று அடைத்திருந்தது.

விபூதி!

யார் வேலை? என் வேலைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போவோம். வரும்போது விபூதியும் சந்தனமும் காலண்டர் தாளில் மடித்து வரும். அதைக் காரில் எங்கே வைப்பது? மேலே வைத்தால் ஏர்கான் காற்றில் பறக்கும். கீழே வைத்தால் காலில் படும், பாவம். அந்த சாக்கெட்டின் வாய் பொட்டலம் செருகவே செய்த மாதிரி இருந்தது. போன வாரத்துப் பொட்டலத்தை எடுப்பேன், புதியதைச் செருகுவேன். எத்தனை வருடம்! தாளிலிருந்து கசிந்ததெல்லாம் உள்ளே போய், சந்தன ஈரத்தில் கெட்டியாகிவிட்டது.

குணாவிடம் போன அன்றைக்குக்கூட, பொட்டலத்தை பக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேனா? இல்லை.

சத்தம் கேட்டு சாந்தி வந்தாள். பார்த்தாள்.

"ஒங்கள யாரு அங்க வைக்கச் சொன்னா?"

"பத்திரமா இருக்கட்டும்னு..."

"பத்திரமாத்தான் இருக்கு!" என்றவள் சிரித்துவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா?

"ஒரு நாள் மட்டும் குடு."

"சரி. லோரி செவ்வாய்க்கிழமை வரட்டும்."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மின்சாரப் பாகங்களைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரேயும் கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாகத் துளசியும் நானும் துடைத்தோம். நீங்கள் செய்வதானால் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் குணாவிடம் ஓடினோம். அதே டேப்லெட். அதே வயர். வட்டம் சுற்றியது... வந்துவிட்டது! அந்தப் பழைய கம்ப்யூட்டர் இத்தனை நாள் சும்மா இருந்த குறைக்கு வரி வரியாகப் பேசியது.

ஆனால் முதல் வரி என்ன? 'கோளாறு எதுவும் பதிவாகவில்லை.'

என் முகம் விழுந்துவிட்டது. குணா, "இருங்க அங்கிள், இதக் கேட்டா மட்டும் பத்தாது," என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எண்களை அப்படியே காட்டுகிற பக்கம். சுற்று எவ்வளவு, காற்று எவ்வளவு, எஞ்சின் தண்ணீரின் சூடு எவ்வளவு...

"எட்டு டிகிரி!" என்று கத்தினாள் துளசி. "அண்ணே, கேமரன் மலையிலகூட எட்டு டிகிரி இல்லண்ணே!"

பானெட்டில் கை வைக்க முடியாத சூடு. உள்ளே கம்ப்யூட்டருக்கோ குளிர்! பாவம், எஞ்சின் நடுங்குகிறது என்று நினைத்து அது அள்ளி அள்ளிப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறது. அதுதான் புகை. அதனால்தான் சிக்னலில் திணறி நின்றது. சூட்டைச் சொல்ல வேண்டிய கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்று பொய் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான்.

குணா தலையைச் சொறிந்தார். "அன்னிக்கே நான் குனிஞ்சி பாத்திருக்கணும் அங்கிள். பாப்பா கேட்டது சரிதான்."

சென்சார் மாற்றியதும் எண் ஏறியது. அறுபது... எழுபது... எண்பத்தைந்து. புகை நின்றது. துளசி ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாக வாசித்தாள். எனக்கு ஏனோ அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளின் வேகமுள் ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். எதையும் படிக்காமலே ட்யூனிங் பெட்டியை மாட்டியிருந்தால்? அந்தப் பொய் சென்சாரை நம்பி, நல்ல கணக்கைத் திருத்தி எழுதியிருப்போம். அதனால்தான் சொல்கிறேன் — எழுதுகிற கருவியை வாங்கும் முன் படிக்கிற கருவியைத் தேடுங்கள். அதிலும் 'என்ன தப்பு பண்ணினாய்?' என்று மட்டும் கேட்கிற கருவி போதாது. அதற்கு என் கார் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொன்னது. 'இப்போது உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவும் தெரிய வேண்டும். உங்கள் அப்பாக்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை லோரி வரவில்லை. மணலைச் சீட்டுக்குக் கீழேயே விட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. அதே சிக்னல். முன் சீட்டில் சாந்தி. பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது. பூக்கடைக்காரர் கை தட்டினார். "பாஸ், மியூசியம் லீவா?"

கோயிலிலிருந்து வரும்போது வழக்கம்போல என் கை பொட்டலத்தோடு ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. சாந்தி அதைப் பிடுங்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

சாமிக்கு இப்போது தனி பார்க்கிங்!