அருவி இல்லாத ஊர்

மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மலையில் என்ன இருக்கிறது? கல்லும் முள்ளும். நான் போளூர்ப் பக்கம் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் பிறந்தவள். பதினாறு வயது வரை தினமும் அதன் முகத்தில்தான் விழித்தேன். ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்றால் இல்லை. மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், மலையைப் பார்க்கவென்றே மோட்டார் ஏறிப் போகிற பைத்தியங்களும் உலகத்தில் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அதில் தலைப்பைத்தியம் என் மாமனார்.

அவர் பேர்போன வக்கீல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கறுப்பு மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கினார். மோட்டார் வந்ததிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் படவில்லை. கோர்ட்டுக்குப் போய் வருவதற்கும் சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்குவதற்கும் மட்டும் அது போதுமா? கோடை விடுமுறைக்கு ஒரு யாத்திரை போக வேண்டும் என்று கிளப்பிவிட்டவர் அவருடைய சிநேகிதர். லஸ்ஸில் வீடு, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஒரு பெரிய கேமரா வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கேமரா மாமா என்றே பெயர். கோயில் குளமென்றால் எல்லாரும் போகிறார்களாம். இவர்கள் போகப்போவது மலையடிவாரத்துக் கிராமங்களுக்காம். அழகான கிராமங்களாகப் பொறுக்கியெடுத்துப் போகப்போகிறார்களாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். நான் என் அம்மாவைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா காரியத்துக்குப் போய்விட்டு வந்ததுதான் கடைசி. அம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அண்ணா கார்டு மேல் கார்டாக எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கார்டிலும் கடைசி வரி ஒன்றே: உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நான் மாமியாரிடம் சொல்வேன், மாமியார் மாமனாரிடம் சொல்வார். பதில் வரும்: "இப்போ துணைக்கு யார் போறது? எல்லாருக்கும் ஜோலி இருக்கு." அப்படி ஜோலி இருந்தவர்கள்தான், மூன்று சாயங்காலம் மாடியில் வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஊர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

காப்பி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நான் எல்லாவற்றையும் கேட்டேன். அட கஷ்டகாலமே, பெண் பார்க்கப் போகிறவன்கூட அத்தனை நொட்டை சொல்ல மாட்டான். மலை ஊருக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஆனால் ரொம்பக் கிட்டே வரக்கூடாது. கூரை வீடாக இருந்தால்தான் லட்சணம். ஓடு போட்டுவிட்டால் படம் கெட்டுவிடும். ஏழைகள் இருக்கலாம், அழுக்காக இருக்கக்கூடாது. தீர்த்தம் வாங்கிக் குடிக்க ஓர் அக்கிரகாரம் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அருவி வேண்டும். கேமரா மாமா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி காலண்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பனிமலை, அடியில் ஒரு கிராமம், நடுவில் வெள்ளி மாதிரி ஓர் அருவி. வடாற்காட்டிலும் சேலத்திலும் அதைத் தேடினார்கள், மேதைகள்.

மூன்றாம் நாள் என்னையே கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"ஏம்மா, நீ அந்தப் பக்கத்துப் பொண்ணாச்சே. உங்க ஊர்ல அருவி உண்டோ?" என்று கேமரா மாமா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "நான் பார்த்திருக்கேனே அந்த ஊரை. நாலு நாள் கல்யாணத்துக்கு இருந்தேன். ஒண்ணும் கிடையாது. புளியமரம், கெணறு, ஈ."

"நீ சொல்லும்மா. அருவி உண்டா இல்லையா?"

"இல்லை மாமா" என்றேன்.

சிவப்புப் பென்சில் எங்கள் ஊர்மேல் ஒரு கோடு இழுத்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு அருவியாகவே சொல்லியிருக்கலாம். வந்து பார்த்து ஏமாந்தால் என் தலையையா வாங்கப்போகிறார்கள்? அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி உண்மையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்து, அரிசி களைகிறபோது அழுதேன். மூன்று ஊர் முடிவாயிற்று. இரண்டாவது ஊருக்கும் மூன்றாவது ஊருக்கும் நடுவே, பதினைந்து மைல் தள்ளி, அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புறப்பாடு வெள்ளிக்கிழமை என்று வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்கே மேற்கேதான் போக வேண்டும். வெள்ளைக்கார ஜட்ஜுக்கு முன்னால் மேஜையைத் தட்டிப் பேசுகிற மாமனார், சூலம் என்றதும் சுருண்டு போனார். அதற்குப் பஞ்சாங்கத்தில் வழி இருந்தது. பரஸ்தானம் வைப்பது. நல்ல நாளில் நல்ல வேளையில் நம்முடைய மூட்டையை இன்னொருவர் வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் நாமே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் உடம்பு கிளம்பினாலும் தோஷமில்லை. ஒன்றே ஒன்று: வைத்த மூட்டையைப் பயணம் போகாமல் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வரக்கூடாது. வந்தால் வீட்டுக்கே ஆகாது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று, புதன்கிழமை காலையில் மூட்டைகள் லஸ்ஸுக்கு, கேமரா மாமா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

எனக்குப் புத்தி வந்தது அப்போதுதான். இரண்டு புடவை, ஒரு குங்குமச் சிமிழ், சீப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். மாமனாரின் படுக்கைச் சுருளுக்கும் என் கணவரின் பெட்டிக்கும் நடுவில் அதையும் வைத்தேன். டிரைவர் எடுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை கேமரா மாமாவின் மனைவி ஆள் அனுப்பினார்: "பொம்மனாட்டிப் பை ஒண்ணு இருக்கே, உங்காத்து மாட்டுப்பொண்ணும் வராளோ?"

வீடு அமர்க்களப்பட்டது. "ஏண்டீ, என்ன காரியம் பண்ணினே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சாதித்தேன். முதல் பொய்யைத் தவறவிட்டவள் இரண்டாவதை விடுவேனா? சாஸ்திரிகளைக் கூப்பிட்டார்கள். வைத்தது வைத்ததுதான், திரும்பக்கூடாது என்றார். எத்தனையோ பேரைத் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பவைத்த மாமனாருக்கு இரண்டு நூல்புடவையிலிருந்து தப்பிக்க வழி தெரியவில்லை. கடைசியில், "சரி, வழியில காப்பி போடறதுக்கு ஒருத்தி வேணுமோன்னோ" என்று அவரே தனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முன் சீட்டில் டிரைவர், நடுவில் என் கணவர், ஓரத்தில் நான், என் மடியில் ஸ்டவ். பின்னால் மகா ரசிகர்கள் இருவரும், கேமராவும்.

முதல் ஊரில் மலை இருந்தது, கூரை இருந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் நடுத்தெருவில் புதிதாக ஓடு போட்டிருந்தான். கேமரா மாமா பெட்டியைத் திறக்கவே இல்லை. இரண்டாவதுதான் அருவி ஊர். சித்திரை வெயிலில் அருவி தேடிப் போகிறார்களே, கோடையில் தண்ணீர் எங்கிருந்து விழும் என்று எங்கள் ஊர் மாட்டுக்காரனைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு மைல் நடந்து போய்ப் பார்த்தார்கள், நானும் பின்னாலேயே போனேன். ஒரு கறுத்த பாறை, அதன் நிழலில் நாலு ஆடு. மாமனார் அந்தப் பாறையைக் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பார்ப்பது போல முறைத்தார். நான் திரும்பி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

காப்பி போட நான் முன்னாலேயே திரும்பி நடந்து, அவர்கள் வருவதற்குள் குளக்கரையில் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். டிரைவர் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இனி மூன்றாவது ஊர்தான். அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா இது, பெத்த அம்மாவப் பாக்கவா இத்தினி கஷ்டம்?" என்றான். "ஐயரண்ட கேக்க வேண்டியதுதானே?"

"நாலு வருஷமா கேட்டுண்டுதான் இருக்கேன்."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "உங்க ஊரு ரோட்டு மேலயே கீதா?"

"ரோட்டு மேலேதான் கிணறு. அதுலேர்ந்து ரெண்டாவது வீடுதான் எங்காம்."

"அப்ப வுடு" என்றான்.

கிளைச்சாலை வந்ததும், "சாமி, அந்த ரோட்டுல பாலம் ஒட்ஞ்சி கீதாம். இப்டிக்கா சுத்திக்கினு போயிடலாம்" என்று பதிலுக்குக் காத்திராமல் திருப்பினான். அந்த மோட்டாரில் போன ஐந்து பேரில் மனுஷன் என்று சொல்லத்தக்கவன் அவன் ஒருவன்தான். என் கணவருக்கு வழி தெரியும். அவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் தெரிகிற வளைவில் நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து கேமரா மாமா கத்தினார். "நிறுத்து, நிறுத்து! ஓய், பாரும் ஓய்! இதுதான் ஸீன்! அந்தப் புளியமரமும் கெணறும் பின்னால மலையும்! காலண்டர் தோத்துது போம்!"

"அடடா!" என்றார் மாமனார். "என்ன அழகு! இது என்ன ஊர்?"

நாலு நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட ஊர். பந்தலில் உட்கார்ந்து காப்பி ஆறிவிட்டது என்று என் அப்பாவை விரட்டின ஊர். சிவப்புப் பென்சிலால் அடித்த ஊர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தும் அது எது என்று அவருக்குத் தெரியவில்லை. "எங்க ஊர்" என்று சொல்லிவிட்டு நான் கதவைத் திறந்து இறங்கினேன். உத்தரவு கேட்கவில்லை.

அண்ணா வீட்டில் இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது. "வந்துட்டியா" என்றாள். வேறு ஒன்றும் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. அந்தப் பழுப்பு நார்மடிப் புடவைக்குள் இருந்தது என் அம்மா என்று நம்ப எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. சம்பந்தியை வரவேற்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு இறங்கி, கிணற்றடி வரை வந்துவிட்டாள். கைம்பெண் எதிரே வருகிறாளே என்று சம்பந்தி மோட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் கணவர் வந்தார். நமஸ்காரம் செய்தார். நான் அவரிடம், "என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்கோ, திரும்பறச்சே அழைச்சுண்டு போங்கோ" என்று கெஞ்சினேன். அவர் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். பரஸ்தானம் வைத்த மூட்டை நடுவழியில் இறங்கக்கூடாதாம். போகிற இடமெல்லாம் போய் வீடு திரும்ப வேண்டுமாம். எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் சாமர்த்தியம் என் தலையிலேயே விடிந்தது. பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

கேமரா மாமா முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்து, கையை ஆட்டினார். "அந்த அம்மாளைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கோ. மலையை மறைக்கிறா."

அம்மா என்னைப் பார்த்தாள். "எங்கேடி நிக்கட்டும்?" என்றாள்.

மாமனாரையும் சிநேகிதரையும் இத்தனை நேரம் திட்டினேனே, நான் செய்ததைக் கேளுங்கள். எங்கம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடுங்கோ மாமா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். இரண்டு நாளாய் வாயிலேயே இருந்த பொய்யும் புரட்டும் எல்லாம் அப்போது எங்கே போயிற்று? பெரியவர் சொன்னால் செய்து பழகிய கை தானாக நீண்டது. "இப்படி வாங்கோம்மா" என்று அம்மாவின் தோளைப் பிடித்து, நடக்க முடியாதவளை நாலடி நடத்தி, கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தினேன்.

ஆடி பிறந்து அம்மா போய்விட்டாள். அவளுக்கு அதற்கு முன்னும் படம் கிடையாது, பின்னும் கிடையாது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மாமனார் காட்டுவார். "நாங்களே பொறுக்கியெடுத்த ஊர்" என்பார். வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, அரை விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஏதோ தெரியும். அது கிணற்றுச் சுவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது நார்மடியின் தலைப்பு. மலை மாத்திரம் முழுசாக, எதுவும் மறைக்காமல், ரொம்ப நன்றாக விழுந்திருக்கிறது.