நரி குடியிருந்த வீடு

மாமாங்கம் எண்ட மனுசனுக்கு வாடகைக்கு ஒரு மேல்வீடு வேணும், அவ்வளவுதான். மட்டக்களப்பிலயிருந்து மனிசி பரிமளமும் சின்ன மகளும் ஆனியில வந்து இறங்கப் போகினம். அவரோ ரொறன்ரோவில, சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு அறைக்குள்ள நாலு ஆம்பிளையளோட நெருக்கியடிச்சுப் படுக்கிறார். அதுக்குள்ள ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் வைக்கேலுமோ, சொல்லுங்கோ!

பகலில றெஸ்ரோறண்டில கோப்பை கழுவுவார். பின்னேரங்களில, விவரணப்படம் எடுக்கிற லொறெயினுக்கு லைற் பிடிப்பார். அவ ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பொம்பிளை. நகரத்துக்குள்ள நரியும் ரக்கூனும் எங்கெங்க குடியிருக்குதுகள், முந்தி எந்தெந்தத் தெருவில நிறம் பாத்து ஆராரைக் குடியிருக்க விடேல்லை, ரெண்டையும் ஒரே படத்தில காட்டோணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டா. ‘மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாவே!’ எண்டு மாமாங்கம் தனக்குள்ள சிரிச்சவர்.

எண்பத்தேழாம் ஆண்டு, சித்திரை மாசம். பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு தெருவில, செங்கல் வீடொண்டுக்கு முன்னால காரை நிப்பாட்டினா லொறெயின். மாமாங்கத்துக்குத் திக்கெண்டது. போன மாசம் மேல்வீடு பாக்க ரை கட்டிக்கொண்டு வந்த அதே வீடு! ரெலிபோனில “வாங்கோ” எண்ட வெள்ளைக்கார வீட்டுக்காரி, நேரில கண்டதும் “இப்பதான் போயிட்டுது” எண்டா. மனுசன் அதையும் நம்பித் திரும்பினவர், பாவம்.

இப்ப அந்த வீட்டுக்காரி, லைற்றுக்குப் பின்னால நிண்ட இவரை ஆரெண்டு மட்டுக்கட்டேல்லை. படிக்குக் கீழ நரி குட்டி போட்டிருக்காம். “லைற்றைக் குறைச்சுப் பிடியுங்கோ, பயந்திடும். குட்டியளோட அது எங்க போகும்?” எண்டு குசுகுசுத்தா.

பள்ளத்துக்குள்ளயிருந்து பனிப்புகார் மெல்ல மெல்ல ஏறி வந்து முற்றத்தை மூடிச்சுது. அதுக்குள்ளயிருந்து தாய்நரி குட்டியளோட மிதந்து வந்து, மாமாங்கத்தை நேர பாத்துது. பின்னால பரிமளம் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு வாறமாதிரி இருந்துது அவருக்கு. நரி முகத்தில முழிச்சால் யோகமெண்டு எங்கட ஆக்கள் சும்மாவே சொல்லுறவை? சந்தோசத்தில நெஞ்சு முட்டிப்போச்சு. தெரிஞ்ச இங்கிலீசில வீட்டுக்காரியிட்டக் கேட்டே விட்டார்.

“மேல்வீடு இன்னும் இருக்கோ? என்ர மனிசியும் பிள்ளையும் வருகினம்.”

அப்பதான் அவ இவரின்ர முகத்தைப் பாத்தா.

“இப்பதான் போயிட்டுது.”

அவவின்ர தலைக்கு மேல, கண்ணாடி யன்னலில, ‘வாடகைக்கு’ எண்ட பலகை தொங்கிக்கொண்டிருந்துது.

லொறெயின் கமெராவை நிப்பாட்டேல்லை. “என்ர அப்பாவுக்கும் இதே தெருவில இதைத்தான் சொன்னவை,” எண்டா. “மாமாங்கம், இன்னொருக்காக் கேளுங்கோ.”

மாமாங்கம் லைற்றை நரியில இருந்து எடுத்து அந்தப் பலகைக்கு நேர தூக்கிப் பிடிச்சார். கண்ணால தண்ணி ஓட ஓட, திரும்பவும் கேட்டார்.